அந்தியில் ஏது பனித்துளி?

மகனுக்கு,

நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய். மாதப் பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்க நீதானாம். மருந்துக்கடைக்காரர் மாத்திரையோடு அதையும் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். பையன் பெரிய ஆளாகிவிட்டான், இனிப்பு எங்கே என்று வேறு கேட்டார்.

படத்தையும் அவரையே விவரிக்கச் சொன்னேன். ஏரியில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு. முன்னால் நாணல், அதில் சிலந்தி வலை, வலை நிறையப் பனித்துளி. பறவைக்குப் பின்னால் சூரியன். கீழே உன் பெயர். தலைப்பு ‘அந்தி’.

அந்தியில் ஏதடா பனித்துளி?

எட்டு மணிக்கு முன் கண் விழித்திருந்தால் தெரிந்திருக்கும். சூரியன் தாழ்ந்திருந்தால் உனக்கு அது மாலை. ஏறும் சூரியனை நீ எங்கே பார்த்தாய்? மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் காத்துக்கிடந்ததாகப் பேட்டி வேறு. குளிக்கக் கூப்பிட்டால் கட்டிலடியில் ஒளிந்தவன் நீ.

தண்ணீரில் யாரும் நிற்கவில்லை. உன் அப்பாவின் கேமராவோடு நான் கரையில் நின்றேன். ஒரு காலைக்கு ஒரு படம் என்பது அவர் வைத்த சட்டம். அந்தக் கொக்கு என் செருப்புச் சத்தத்துக்குப் பழகப் பதினொரு நாள் ஆயிற்று. அதுவரை அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் வலை என் கண்ணில் படவில்லை. பன்னிரண்டாம் நாள் காற்றில் வலை ஆடியது. ஈரத் தரையில் மண்டியிட்டு எடுத்தேன். முழங்கால் இன்னும் அதை நினைவூட்டுகிறது.

கழுவிக் கொண்டுவருகிறேன் என்று பிலிம் சுருளை வாங்கிப் போனாய். நன்றாகத்தான் கழுவியிருக்கிறாய்.

நான் படித்த கான்வென்டில் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதிவிட்டால் சிஸ்டர் அடிக்க மாட்டார். விடைத்தாளின் தலைப்பில் பக்கத்துப் பெண்ணின் பெயரைப் பார்த்து எழுதியவள் கையாலேயே எழுதவைத்து, வகுப்பின் முன் உரக்கப் படிக்கச் சொல்வார். நீயும் அதையே செய். பத்திரிகை ஆசிரியருக்கு எழுது. அடுத்த இதழில் என் பெயர் வரவேண்டும். தலைப்பு ‘விடியல்’. உன் சால்ஜாப்பு எனக்கு வேண்டாம்.

அன்றே தொலைபேசியில் கேட்டதற்கு, ஒரு கொக்குதானேம்மா, இன்னொண்ணு எடுத்துக்கோ என்று சிரித்தாய். நான் போனை வைத்துவிட்டேன். பதிலை இப்போது சொல்கிறேன்: எடுக்க முடியாது. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் எனக்குத் தெரிவதில்லை. ஓரங்கள் தெரிகின்றன, நடு இல்லை. இடது கண்ணைப் போலவே வலது கண்ணும் அந்த வழிதான், பார்வை திரும்பாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் கொடுத்ததுதான் என் கடைசிச் சுருள். இதற்காக யாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம். இந்தக் கடிதத்தில் வரிகள் சாய்ந்திருந்தால் பேனாவைத் திட்டிக்கொள்.

நடையை நான் விடவில்லை. ஐந்தரைக்கு ஏரிக்கரை, அதே நாணல் பக்கம். எதிரே வெள்ளையாக ஏதோ நிற்கிறது. கொக்கா, யாரோ கட்டிவைத்த சாக்கா என்று தெரியவில்லை. கரையில் இருக்கும் மீன்காரரைக் கேட்கலாம், கேட்க மனம் வரவில்லை.

சுருளைக் கொண்டு வா. தபாலில் அனுப்பாதே. முந்தின நாள் இரவே வந்து தூங்கு, விடியலில் ஏரிக்குப் போக நான் எழுப்புகிறேன்.

கடவுள் உனக்கு நல்ல கண்ணைக் கொடுத்திருக்கிறார். அது கடைசிவரை அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அந்தப் படத்தை எடுத்தவள்,
உன் அம்மா