உங்கள் செலோ உடுவிலில் ஒலித்தது, அண்ணை

என் அன்பான சின்னண்ணைக்கு,

நேற்றுப் பின்னேரம் உங்கள் செலோ ஒலித்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது.

குருநகரை விட்டு வந்துவிட்டோம். ஷெல் விழத் தொடங்கிய பிறகு அங்கே இருக்க முடியவில்லை. இப்போது நானும் அம்மாவும் உடுவிலில், சிவகாமி ரீச்சர் வீட்டு முன்னறையில் இருக்கிறோம். ரீச்சர் கர்நாடக வயலின் படிப்பிக்கிறவர். வரும்போது அம்மா உடுப்புப் பெட்டியை ட்ரக்டரில் ஏற்றினார். பெரிய வயலின் என்று அம்மா சொல்லும் உங்கள் செலோவையும் என் ஆர்மோனியத்தையும் நான் ஏற்றினேன். "உதை வாசிக்க இனி ஆர் இருக்கினம்?" என்று அம்மா கேட்டார். நான் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினேன்.

எண்பத்துமூன்று கலவரத்தோடு கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் நீங்கள் வந்திறங்கியபோது கையில் மாற்றுச் சட்டைகூட இல்லை. செலோவும் ஓர் இசைப் புத்தகமும்தான். நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த, பெரிதாகப் பெயரெடுக்காத ஒரு ஜேர்மன்காரர் செலோவுக்கும் பெரிய வாத்தியக் குழுவுக்குமாக எழுதியது அது. பேர்போனவை எத்தனையோ இருக்க, ஏன் இதைக் கட்டிக்கொண்டு திரிகிறீர்கள் என்று கேட்டேன்.

"அதுகளை உலகம் முழுக்க வாசிக்குது. இதுக்கு நான்தான் இருக்கிறன்," என்றீர்கள்.

குழுவின் பங்கை ஆர்மோனியத்தில் வாசிக்கச் சொல்லி எத்தனை தரம் கேட்டீர்கள். அறுபது பேர் வாசிப்பதை நான் ஒருத்தி வாசித்தால் சனம் சிரிக்கும், மாதா கோயில் பாட்டுக்கு மட்டும்தான் என் கை என்று மறுத்துவிட்டேன். நீங்கள் தனியே வாசித்தீர்கள். குழுவின் முறை வரும்போது வில்லை மடியில் வைத்து, உதட்டுக்குள் எண்ணியபடி காத்திருப்பீர்கள். உங்கள் இடம் வந்ததும் மறுபடி தொடங்குவீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே நான் எப்படி மீன் வெட்டிக்கொண்டிருந்தேன், அண்ணை?

நெஞ்சு நோகிறதென்று நீங்கள் படுத்த அன்று, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது. என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்க ஆளில்லை என்றான பிறகுதான், நான் மறுத்தது எனக்கு உறைத்தது.

இங்கே வந்த சில வாரத்தில், செலோப் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று ரீச்சர் கேட்டார். நரம்பு ஒன்று அறுந்திருந்தது. புதியது எடுப்பிக்க வழியில்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, தான் மீன் பிடிக்கிற தங்கூசி நைலோன் நூலில் மூன்று முழம் வெட்டித் தந்தார், அதைக் கட்டினோம். கரகரத்தது, ஆனாலும் பேசியது. இசைப் புத்தகத்தின் குறிகள் ரீச்சருக்குத் தெரியாது. இரண்டாம் பகுதியை ஸ்வரமாக எழுதிக் கொடுத்தேன். பாடிப் பார்த்துவிட்டுத் தாளை மடியில் வைத்தார்.

"உவர் ஆரின்ரையோ செத்தவீட்டாலை வந்துதான் உதை எழுதியிருக்கிறார் போலை," என்றார். "அழுது முடிஞ்சு, பசிக்கத் தொடங்கிற நேரம்."

ரீச்சர் செலோவிலும் நான் ஆர்மோனியத்திலுமாகப் பதினொரு மாதம் வாசித்துப் பழகினோம். நிலத்தில் இருந்தே வாசித்துப் பழகிய ரீச்சருக்குக் கதிரையில் இருந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். குழுவின் பங்கை நான் இரண்டு கைக்குச் சுருக்கினேன். குழல்களில் பாதியை விட்டுவிட வேண்டியதாயிற்று. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்றுத் தேவாலய மண்டபத்தில் வாசித்தோம். நாற்பது பேர்வரை இருந்தார்கள். பாதிப்பேர் ரீச்சரின் சொந்தக்காரர், நெற்றியில் திருநீற்றோடு. நடுவில் ரீச்சர் ஒரு வரியைத் தவறவிட்டார். நான் என் பங்கையே திரும்பத் திரும்ப வாசித்தபடி அவருக்காகக் காத்திருந்தேன். வந்து சேர்ந்துகொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை, அண்ணை. அம்மா கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும், புகையிலைத் தோட்டத்திலிருந்து கால் கழுவி நேரே வந்த ரீச்சரின் தமையனார் என்னிடம் வந்தார். "பிள்ளை, உந்த மனிசன் வேறை ஒண்டும் எழுதேல்லையோ?" என்று கேட்டார்.

எழுதியிருக்கிறார். செலோவுக்கும் குழுவுக்குமாக இன்னொன்று உண்டு, ஆனால் கண்ணால் கண்டதில்லை என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அதைத் தேடிப் பிரதி எடுத்து அனுப்பச் சொல்லி, ஜேர்மனியிலுள்ள மாமாவின் மகனுக்கு இன்று காலை கடிதம் போட்டேன். போய்ச் சேர எத்தனை மாதமோ, அவன் எந்த நூலகத்தில் தேடுவானோ தெரியாது. பிரதி வரட்டும். இந்த முறை ஒருவரும் என்னைக் கேட்கத் தேவையில்லை. ஆர்மோனியத்தை நானே முதலில் திறந்து வைப்பேன்.

என்றும் உங்கள் தங்கச்சி,
றெஜினா