இன்னும் கொஞ்சம் சத்தமா

வீட்டு எஜமானிக்கு,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. நான் செய்த ஆம்ப்ளிஃபயரைத் துடைக்கிறேன் என்று தொடாதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே தேங்கிய கரண்ட் ஷாக் அடிக்கும்.

நேற்று பாதிப் பாட்டில் நான் எழுந்து போனதைக் கோபம் என்று நினைத்து, நீயும் பேசாமல் படுத்துவிட்டாய். கோபமில்லை. கீழ்வீட்டுக்காரர் நம் கதவை இடித்து, "என்ன சார், கட்டடத்தை இடிக்கிறீங்களா?" என்று கத்தினார். நீயோ ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்களேன்" என்றாய்.

பாட்டு மந்தமாகக் கேட்கிறது என்று நீ சொன்னதிலிருந்து பழைய சாமான் கடையெல்லாம் அலைந்து டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினேன், டிரான்சிஸ்டரை மாற்றினேன். கோளாறு என் வேலையில்தான் என்று நம்பினேன். என் கைவேலையின் லட்சணத்துக்கு அதை நம்புவது சுலபமாக இருந்தது.

இன்று பார்ட்ஸ் வாங்கப் போகவில்லை. காது டாக்டரிடம் நேரம் கேட்கப் போகிறேன். உனக்குத் துணையாக என் காதையும் காட்டுகிறேன்.

தாளின் கீழே இடம் இருக்கிறது, அதனால் இதுவும்: சாவி என்னிடம் இருக்கிறது, உள்தாழ்ப்பாள் மட்டும் போடாதே. போன வாரம் வெகுநேரம் தட்டிப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். நீயாகக் கதவைத் திறந்தபோது, இப்போதுதான் வந்தேன் என்றேன்.