ஏழாம் எண் கன்று

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் கேட்டால், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று நழுவிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே ஆய்வகத்தில் பாக்டீரியாவின் மரபணுவை மாற்றி, கோமாரி வைரஸின் ஒரு துண்டை அதன் மேல்தோலில் முளைக்க வைக்கிறோம். பிறகு அதைக் கொன்று கன்றுக்கு ஊசியாகப் போடுகிறோம். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்தால், அந்தத் துண்டு தடுப்பூசிக்கு ஆகும். எத்தனையோ துண்டுகள் தேறவில்லை. ஏழாம் எண் கன்றுக்குப் போட்டது மட்டும் தேறியிருக்கிறது.

இனி வாராவாரம் அதன் ரத்தம் வேண்டும். அதுவோ கிட்டே வர முரண்டு பிடிக்கிறது. நேற்று என் காலை மிதித்துவிட்டது. நகம்தான் கறுத்தது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் கூப்பிடுவதுபோல் நாக்கைத் தட்டி, "வாடி தங்கம்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மாதான், "கன்னுக்குட்டியை எல்லாம் கொஞ்சாதே, நம்பர் போதும்" என்றார்.

பழைய பருத்தித் துண்டு ஒன்று அனுப்புங்கள். இங்கே வாங்கியது ஈரத்தை உறிஞ்சுவதில்லை. அப்படியே, நீங்கள் மாட்டைக் கூப்பிடுவதைத் தம்பியின் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். கன்றுக்காகத்தான். அதற்குப் பேர் கிடையாது. என் பேரையே சொல்லிக் கூப்பிடுங்கள், கன்றுக்கு என்ன தெரியப் போகிறது.

டாக்டரம்மா தேடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்