அப்பா மூச்சை அடக்காமலிருக்க

திரேஸ்புரம்,
தூத்துக்குடி.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை விஜிலா எழுதுவது. அப்பா நன்றாகத் தேறி வருகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபோனில் பேசினால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதனால்தான் உன் கப்பலில் சேர வரும் கிளைட்டனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சங்கு குளித்து மேலே வரும்போது வல்லத்தின் அடிப்பலகையில் தலை இடித்ததை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. கிறுகிறுப்பும் வாந்தியும் வந்தபோதும், ஆழத்தில் காது அடைத்ததால்தான் என்று எண்ணெய் விட்டுக்கொண்டு மறுநாளும் கிளம்பிவிட்டார். வல்லத்தில் இருந்து அப்பாவுக்குக் கயிறு பிடிக்கும் கிருபாநிதி மாமாதான், "அத்தான் சொன்னதையே சொல்லுதாரு, எனக்குச் சரியாப் படல" என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. லேசான அடிதான், ஆனாலும் தலைவலி முழுக்க விட்டு, மறுபடி பார்த்துச் சொல்லும்வரை கடலில் இறங்கக் கூடாது என்றார் டாக்டர்.

இப்போது வெளிச்சம் அவ்வளவாகக் கூசவில்லை. முதலில் தெருமுனை வரை நடந்தார், இப்போது கோயில் வரை போய்வருகிறார். டிவி சத்தம்தான் ஆகவில்லை. அம்மா சத்தத்தை அணைத்துவிட்டு சீரியல் பார்க்கிறாள். "எல்லாவளும் வாய அசைக்காளுவ, ஒண்ணும் வெளங்கல" என்று அவள் சலித்துக்கொண்டால், அப்பா கண்ணை மூடியபடியே கதை சொல்கிறார்.

ஒன்றுதான் கவலை. மத்தியானம் அம்மா கண்ணயர்ந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை அடக்கிப் பார்க்கிறார். நெற்றி நரம்பு புடைக்கிறது. சாயங்காலம் தலைவலி திரும்பிவிடுகிறது. ஏன் என்று கேட்டேன். "சும்மா கெடந்தா மூச்சு சுருங்கிரும்ளா. பொறவு எவன் என்னயக் கூப்பிடுவான்" என்றார்.

கண்டித்துப் பேச எனக்கு வராது. அதனால் அந்த நேரத்தில் எதிரே போய் உட்கார்ந்து எதையாவது கேட்கிறேன். பதில் சொல்ல மூச்சை விட்டுத்தானே ஆக வேண்டும். மணலுக்குள் சங்கு கிடப்பது எப்படித் தெரியும் என்று கேட்டால் நிறுத்தாமல் சொல்கிறார். "காலேஜ்ல நீ வாயே தொறக்கமாட்டன்னு சிஸ்டர் சொன்னாவ. இப்ப என்னளா இத்தன கேள்வி" என்று சிரிக்கிறார். அந்த நாட்களில் தலைவலி வருவதில்லை. எனக்கும் அவர் பேச்சு அலுக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் துறைமுகத்தில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் எனக்கு வேலை. மத்தியானம் வீட்டில் இருக்கமாட்டேன்.

பனிமய மாதா உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். சிக்னல் கிடைக்கிற இடமெல்லாம், இங்கே மத்தியானமாக இருக்கும்படி பார்த்து அப்பாவைக் கூப்பிடு. உடம்பு எப்படி என்று கேட்காதே, நன்றாக இருக்கிறேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கடலைப் பற்றிக் கேள் அண்ணா.

உன் பிரியமுள்ள தங்கை,
விஜிலா