ஒண்ணும் ஆகாது, உட்காருங்க

அப்பாவுக்கு மகன் எழுதுறது. உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு? அம்மா மாத்திரையை ஒழுங்காப் போடறாங்களா? நான் நல்லா இருக்கேன்.

நேத்து கப்பல் கொஞ்சம் ஆடிச்சு. தட்டு வழுக்கக் கூடாதுன்னு மேஜைத் துணியை நனைச்சு விரிச்சோம், வேடிக்கையா இருந்துச்சு. சுற்றுலா வந்தவங்க பாதிப் பேர் சாப்பிடாம எங்க மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தாங்க. பரிமாறுறவன் சிரிச்சா கப்பல் மூழ்காதுன்னு அவங்க நினைப்பு. சிரிக்கணும்னு மேனேஜர் உத்தரவு வேற. ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுட்டு விடவே இல்லை. நீங்க மழையில பஸ் ஓட்டும்போது சொல்வீங்களே, "ஒண்ணும் ஆகாது, உட்காருங்க"ன்னு, அதையே சொன்னேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

இன்னைக்கும் ஆடுது. நாளைக்கும் ஆடுமாம். மனசு விட்டுப் போச்சுப்பா. இங்கே வந்திருக்கவே கூடாது.

தலைவலித் தைலம் ஒரு பாட்டில் அனுப்புங்க. அம்மாவுக்கு இதைப் படிச்சுக் காட்டாதீங்க. உங்க கையால நாலு வரி எழுதுங்க.

மணி அடிச்சுட்டாங்க, சிரிக்கப் போறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பஸ்ல எல்லாருக்கும் நீங்க சொன்னீங்க. உங்களுக்கு யாருப்பா சொன்னாங்க?