மூட்டைக்கும் மிளகுக்கும் விரித்த படுக்கை

என் செல்லச் சிட்டுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துவிடு. மணி பன்னிரண்டைத் தொடப்போகிறது, அப்பா உள்ளே குறட்டை விடுகிறார், எனக்கோ இதை எழுதாமல் தூக்கம் வராது. இன்றைய தேதிக்கு இங்கே நாங்கள் நான்கு பேரும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். மூட்டையையும் மிளகையும் சேர்த்துத்தான் நான்கு என்கிறேன். அந்த இரண்டு கினிப்பன்றிகளைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம், மாதக் கடைசியில் என் சிநேகிதி வந்து கூண்டோடு எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று போன வாரம் எழுதியிருந்தாய். நீ நல்ல மனதோடுதான் எழுதினாய், தெரியும். ஆனால் அதற்குப் பதில் எழுதும் முன் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், போனில் சொல்ல இரண்டு முறை ஆரம்பித்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மிளகுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது, அதற்குக் காரணம் நான்தான். பதறாதே, இப்போது நன்றாக இருக்கிறது, முழுக்கப் படி.

நீ போகும்போது கூண்டில் காகிதத் துகள்தான் போட வேண்டும் என்று குளிர்சாதனப் பெட்டியில் சீட்டு ஒட்டிவிட்டுப் போனாய் இல்லையா, அப்படியேதான் செய்துகொண்டிருந்தேன். இரண்டு வாரம் முன்பு கடையில் துகள் தீர்ந்துவிட்டது, வர நாலு நாள் ஆகும் என்றான். அன்றைக்குப் பார்த்து அத்தை வருவதாகப் போன் செய்தாள், உள்ளே வந்ததும் கூண்டு வாடைக்கு மூக்கைச் சுளிப்பாளே என்று எனக்குக் கவலை. கீழ்வீட்டுத் தச்சரிடம் மரம் இழைத்த இழைப்புளிச் சீவல் கேட்டேன், அவர் பாவம் ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார். என்ன மணம் தெரியுமா, புதுச் சோப்பைப் பிரித்த மாதிரி. கூண்டில் மெத்தைபோல் பரப்பினேன், கொஞ்சத்தைத் துணியில் முடிந்து அலமாரியிலும் வைத்தேன். அத்தைகூட, "பரவாயில்லையே, ஓட்டல் வரவேற்பறை மாதிரி இருக்கே"ன்னு சொன்னாள். அவள் வாயால் அதைக் கேட்ட பெருமையில் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மிளகு தும்ம ஆரம்பித்தது. குளிர் பிடித்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, ஜன்னலை எல்லாம் சாத்தி, கதகதப்பாக இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு கை சீவலை அள்ளிப் போட்டேன். மறுநாள் காலையில் வெள்ளரித் துண்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, விலா எலும்பு இழுத்து இழுத்து அடங்குகிறது. லேப்புக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மிளகைச் சீவலோடு ஒரு பெட்டியில் மூடி மடியில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அந்த அம்மா மிளகைத் தொடுவதற்கு முன்னால் பெட்டிக்குள் குனிந்து மோந்து பார்த்தார். "யாரு போட்டது இந்தச் சீவல?" என்றார். நான்தான் என்றேன். "நமக்கு மணக்குதுன்னா மரத்துல எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்மா, இத்தனூண்டு நுரையீரல் அதைத் தாங்குமா? ஜன்னலையும் சாத்திட்டீங்களா, நல்லா இருக்கு போங்க" என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஐந்து நாள் மருந்து, அரைத்த தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் இரண்டு மணிக்கொரு தடவை. அப்பா லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்திலிருந்து மத்தியானம் ஓடி வந்து ஒரு வேளை ஊட்டுவார், மீதி நான். "கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணுன்னு சொல்லித்தானே என் தலையில கட்டினாங்க"ன்னு அவர் சிரித்தபோது அழுதே விட்டேன், அப்புறம் அவரே டீ போட்டுக் கொடுத்தார். ஆறாம் நாள் மிளகு தானாக வைக்கோலை இழுத்து மென்றது. அந்தச் சத்தம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் படுக்கை விஷயத்தில் ஒழுங்காக இறங்கினேன், லேப்பில் செய்கிற மாதிரி. சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒருவிதப் படுக்கை, தலா அரை டம்ளர் தண்ணீர், பத்து நிமிஷம் கழித்து அப்பா உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கிழித்த செய்தித்தாள் கூழாகிவிட்டது. அழுத்தி உருட்டிய காகிதக் கட்டி நன்றாக உறிஞ்சுகிறது, ஆனால் நான் வெறுங்காலோடு மிதித்துப் பார்த்தேன், கூழாங்கல் மாதிரி குத்துகிறது. கம்பளித் துணி மாதிரி மொசுமொசுவென்று ஒன்று விற்கிறார்களே, அதில் தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நின்றது. அப்பா, "இது படுக்கை இல்ல, மழைக்கோட்டு" என்றார். நாலு தடவை வெந்நீரில் துவைத்த பிறகு அதே துணி தண்ணீரைச் சட்டென்று கீழே விட்டுவிட்டது, மேலே ஈரமே இல்லை. வாசனைத் திரவம் எதுவும் சேர்க்காமல்தான் துவைத்தேன், இனி அந்தத் தப்பு நடக்காது. இப்போது கீழே பழைய துண்டு இரண்டு மடிப்பு, மேலே அந்தத் துணி, மூட்டையும் மிளகும் எப்போதும் ஒன்றுக்குப் போகிற வைக்கோல் மூலையில் மட்டும் உன் காகிதத் துகள். காலையும் மாலையும் பெருக்குகிறேன், மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பால்கனியில் உதறித்தான் மெஷினில் போடுகிறேன், ஆனாலும் அப்பாவின் சட்டைப் பையில் வைக்கோல் அகப்படுகிறது. வேலைக்குப் போகிற இடத்தில், "வீட்ல மாடு வாங்கிட்டீங்களாண்ணே"ன்னு கேட்கிறார்களாம்.

நேற்று புதுத் துணி விரித்ததும் மிளகு நின்ற இடத்திலேயே துள்ளிக் குதித்தது, மூட்டை தன் உடம்புக்குத் தகுந்தாற்போல் அரை அங்குலம் எழும்பி விழுந்தது. நானும் தரையில் உட்கார்ந்து கைதட்டினேன். சிட்டு, எனக்கு இது சிரமமே இல்லை. சாயங்காலம் நான் சாவியைப் போட்டதும் உள்ளிருந்து இரண்டு குரல் கத்துகிறது, கைப்பையைக்கூடக் கழற்றாமல் போய் அவற்றோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் விளக்குப் போடுகிறேன். நீ ஊருக்குப் போன முதல் வாரம் அந்தக் கதவைத் திறக்கவே பிடிக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவள் நான், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

என் அஜாக்கிரதையால் மிளகை இழந்திருப்போம், அதை மறைக்கவில்லை. இனி அம்மாவிடம் விட முடியாது என்று நீ நினைத்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், உன் சிநேகிதி வரும்போது நானே துணியெல்லாம் துவைத்து மடித்துக் கொடுத்தனுப்புவேன். ஆனால் என்னைக் கேட்டால், அவை இங்கேயே இருக்கட்டும். அப்பாவுக்கும் அதே ஆசைதான், வெளியில் சொல்ல வெட்கம். நீ நன்றாகச் சாப்பிடு, இரவு அதிகம் கண் விழிக்காதே, அறை ஜன்னலைத் திறந்து வை. எல்லா நலமும் பெற்று நீண்ட காலம் சந்தோஷமாக இரு, எங்கள் இருவர் ஆசியும் உனக்கு என்றைக்கும் உண்டு. அவை இருக்கட்டுமா, போகட்டுமா, அதை மட்டுமாவது சீக்கிரம் எழுது.

உன் அம்மா