இரும்புக்குள் இருந்த இழுப்பு

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் இருவரும் நலமா? என் சமாச்சாரம்தான் சரியில்லை. நான் ஓட்டும் துறைமுகக் கிரேனின் கை விரிசல் விட்டுப் பன்னிரண்டு நாளாகிறது. அளவுக்கு மீறிப் பாரம் தூக்கினேன் என்று என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். "பொம்பளைக்கு எதுக்கு அவ்ளோ உயரத்துல வேலை?" என்கிறார் மேலாளர். சத்தியமாக நான் அளவைத் தாண்டியதே இல்லை அண்ணி.

கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடிக் கூண்டில்தான் இருக்கிறேன். கீழே துறைமுகமே இல்லை, பனி மட்டும். கிரேனின் கை மேகத்துக்குள் நீண்டுகொண்டே போகிறது.

விரிசல் விட்ட துண்டை அறுத்தெடுத்திருக்கிறார்கள்; அது உங்கள் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் வருகிறதாம். அண்ணன் வெல்டிங் செய்த கிரேன். பாவம், மனசு தாங்காது, பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
சின்னக்குட்டி

பிப்ரவரி 21

என் கண்ணு சின்னக்குட்டிக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இது என் வீட்டுக்காரர் வேலை என்று கூடத்தில் முதலிலேயே சொல்லிவிட்டேன். அதனால் கூடவே இன்னொருவரும் உட்கார்ந்து பார்க்கிறார்.

வெல்டிங்கை ஒட்டி இரண்டு பட்டைகள் அறுத்தோம். ஒன்றை உலையில் சூடாக்கி மெல்ல ஆறவிட்டோம், மற்றதைத் தொடவில்லை. இரண்டையும் ஒரே பாரத்தில் இயந்திரம் இழுத்து விடுகிறது, இழுத்து விடுகிறது. உருப்பெருக்கியில் விரிசல் தூக்கத்தில் நடப்பவரைப் போல ஊர்கிறது. நின்றுவிட்டது என்று நினைப்பேன்; இன்னும் கொஞ்சம் போயிருக்கும். ஆறவிட்ட பட்டை அறுந்துபோகப் பதினோரு நாள். தொடாத பட்டைக்கு மூன்றே நாள்.

வெல்டிங் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள இரும்பு விடாது. அந்த இழுப்பு உள்ளேயே தங்கிவிடும். பாரமே இல்லாதபோதும் விரிசலின் வாயை மூடவிடாது. மறுபடி சூடாக்கி ஆறவிட்டால் தளரும். கிரேனுக்கு அதைச் செய்யவே இல்லை. செய்ததாக உன் அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 1

அன்புள்ள அண்ணிக்கு,

அதை அறிக்கையில் எழுதாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன். எனக்கு வேறு வேலை கிடைக்கும். அண்ணனுக்கு இதை விட்டால் ஒன்றும் தெரியாது.

இதை எழுதிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். பக்கத்துக் கிரேனும் அதே வாரம் அண்ணன் செய்ததுதானே? அதில் இப்போதும் என் தோழி ஏறுகிறாள். மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள் அண்ணி.

சின்னக்குட்டி

மார்ச் 9

என் சின்னக்குட்டிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அறிக்கை போய்விட்டது. பக்கத்துக் கிரேனை நிறுத்திப் பார்த்தார்கள். வெல்டிங் ஓரத்தில் விரல் நீளத்துக்கு விரிசல். உன் தோழி பத்திரம்.

அனுப்புவதற்கு முன் உன் அண்ணனிடம் சொன்னேன். "உலை பழுதாக் கெடந்துச்சு. கப்பல் நிக்குது, சீக்கிரம்னாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்" என்றார்.

"தங்கச்சி மேல பழி விழுந்தப்பகூட வாயத் தெறக்கலையே?" என்றேன்.

மறுநாள் தானாகவே துறைமுகத்துக்குப் போய் ஒப்புக்கொண்டுவிட்டு வந்தார். வேலை போய்விட்டது. வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துப் பார்த்தால், தாளில் 'தங்கச்சிக்கு' என்று மட்டும் இருந்தது. அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அவரோடு நானும் இன்னும் சரியாகப் பேசவில்லை. நீ பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

அண்ணி

மார்ச் 17

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று மறுபடி கூண்டில் ஏறினேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அண்ணனின் தாளில், அந்த ஒரு சொல்லுக்குக் கீழே, நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். அவரிடம் கொடுத்துவிடுங்கள்:

"ஞாயிற்றுக்கிழமை வரேன். எங்கயும் போயிடாத, வீட்லயே இரு."

சின்னக்குட்டி